பனிக்காலம் நம்ம விளையாட்டுக் காலம்: வடசென்னையில் எங்கே, எப்போது?

பனிக்காலத்துல வெளியில எங்கே போய் விளையாடலாம்னு டொரன்டோவுல இருக்கிற நம்ம ஆட்களைக் கேட்டா, ஸ்கேட்டிங், பனிச்சறுக்குன்னு சொல்வாங்க. திருவொற்றியூர்ல அந்தப் பனி கிடையாது. விடியக்காலையில பைக் சீட் மேல முத்து முத்தா நிக்குதே, அதுதான் நம்ம பனி. ஜனவரி ராத்திரியில 21 டிகிரி கிட்ட இறங்கும். அதுக்கே குல்லாவைத் தேடுவோம்! ஆனா ஒண்ணு. மே மாசப் பகல்ல தரையில கால் வைக்க முடியாத ஊர் இது. மழை ஓய்ஞ்ச பிறகு வர்ற மார்கழி, தை, மாசி, இந்த மூணு மாசம்தான் நமக்கு நிஜமான விளையாட்டுக் காலம். அதை எங்கே செலவு பண்ணலாம்னு இன்னைக்குப் பேசுவோம்.

கடற்கரையில இருந்து ஆரம்பிக்கிறேன். நம்ம கரையில ஏன் மணலைவிடக் கல் அதிகமா இருக்கு? சென்னைத் துறைமுகத்துக்காக 1870-களில் கடலுக்குள்ள கல் சுவர் எழுப்ப ஆரம்பிச்சாங்க. தெற்கே இருந்து வடக்கே கரையோரமா நகர்ந்து வந்த மணல் அங்கேயே தங்கிடுச்சு. மெரினா அகலமாச்சு, ராயபுரத்துப் பக்கம் கடல் கரையைத் தின்னுச்சு. மெரினாவுல கிரிக்கெட் ஆடுற மணல், ஒரு வகையில நம்ம பங்கு மணல். இப்போ எண்ணூர் வரைக்கும் பாறைகள் கொட்டியிருக்கு. நடுநடுவே ஒதுங்கின மணல்ல பசங்க பந்து ஆடலாம், பட்டம் விடலாம். அந்தக் கல்லு மேல ஏறிக் குளிக்க மட்டும் இறங்காதீங்க. பாசி வழுக்கும், அலை திரும்ப இழுக்கும்.

அடுத்தது மைதானம். கால்பந்துன்னா வியாசர்பாடி. முல்லை நகர் மைதானத்துல ஒரு சாயங்காலம் நின்னு பாருங்க, அந்த ஏரியாவை ஏன் 'மினி பிரேசில்'னு சொல்றாங்கன்னு புரியும். வெறுமனே நடக்கணும், சின்னப் பசங்களை ஓட விடணும்னா ராயபுரம் ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பர்ல தி.மு.க.வோட தொடக்கக் கூட்டம் நடந்த இடம். இன்னைக்கு அண்ணா பேரைத் தாங்கி நிக்குது.

ஒருநாள் முழுக்க வெளியில போகணும்னா பழவேற்காடு. கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஏறி பொன்னேரியில இறங்கினா பஸ் இருக்கு. இந்த மாசங்கள்ல ஏரியில பூநாரை வரும், கூழைக்கடா வரும். கரையில நின்னே பார்க்கலாம். யாராவது படகுல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்கு அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை சந்தோஷத்துக்கு அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

இப்போ முக்கியமான விஷயம். எங்கே போறோம்ங்கிற மாதிரியே எப்போ போறோம்ங்கிறதும் முக்கியம். பனிக்கால ராத்திரியில தரை சீக்கிரம் குளிர்ந்துடும். குளிர்ந்த காத்து கீழேயே படுத்துக்கும், அதுக்கு மேல சூடான காத்து மூடி போட்ட மாதிரி நிக்கும். மணலி ஆலைப் புகை, கன்டெய்னர் லாரிப் புகை, குப்பை எரிக்கிற புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழே மாட்டிக்கும். விடியக்காலை அஞ்சு மணிக்குப் பார்த்தா பனி மூட்டம்னுதான் தோணும். அதுல பாதி புகையா இருக்கலாம். ஓடுற பிள்ளை உட்கார்ந்திருக்கிற பிள்ளையைவிடப் பல மடங்கு காத்தை உள்ளே இழுக்கும். 2018 போகி அன்னைக்கு விமானமே இறங்க முடியாத அளவுக்குப் புகை இருந்தது. அன்னைக்குக் காலையில யாரும் பசங்களை ஓட விடக்கூடாது.

அதனால பயிற்சி கொடுக்கிற அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட 'சமீர்' செயலி இலவசம். மணலி எண்ணைப் பாருங்க. 200-க்கு மேல போனா 'மோசம்'னு அர்த்தம். அன்னைக்கு ஓட்டத்தை விட்டுட்டு பாஸிங் பழகுங்க. இல்லைன்னா சாயங்காலம் நாலு மணிக்கு மாத்துங்க.

இவ்வளவு ஜாக்கிரதையும் நாமளே பட வேண்டியிருக்கு. இந்த நல்ல மாசங்கள்லதான் 2017 ஜனவரியில கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்கிச்சு. 2023 டிசம்பர்ல வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவிச்சு. அதே மாசம் 26-ம் தேதி நள்ளிரவுல கடலடிக் குழாயில அமோனியா கசிஞ்சு பெரியகுப்பம் ஜனங்க வீட்டை விட்டு ஓடினாங்க. ஊருக்கே மின்சாரமும் பெட்ரோலும் கொடுக்கிற பகுதியில, பிள்ளைங்க மூச்சு வாங்க ஓடுறதுக்கு ஒரு மைதானமும், அதுல சுத்தமான காத்தும் கேட்கிறது பேராசை இல்லை. உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட முதல்ல அதைக் கேளுங்க.

உங்க தெருப் பக்கத்துல பசங்க விளையாடுற இடம் எது, அது இன்னும் திறந்திருக்கா? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல வாசிக்கிறேன்.