முன்னெச்சரிக்கையில் 'முன்' எங்கே?



இந்த மேடைக்குப் பின்னால் வெறும் மணலாகக் கிடப்பதுதான் நம் பாலாறு. அதன் கரையில் என் பாட்டி வீட்டுக் கிணறு இருந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், தோல் ஆலைக்கழிவு கலந்த அந்தத் தண்ணீரில் சோறு வடித்தால் மஞ்சளாக இறங்கும். பருப்பு வேகாது. புளி போட்டுத் தேய்த்தாலும் குடத்தின் அடியில் படிந்த வெள்ளை போகாது. தென்னையில் குரும்பை உதிர்ந்தது. நின்ற காயும் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்தது. ஒருநாள் கிணற்றைக் கல்பலகை போட்டு மூடினார்கள். அன்று பாட்டி அடுப்புப் பற்றவைக்கவில்லை.

நியாயம் கேட்க ஆளில்லாமலா போயிற்று? வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுதல் வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கை நெறியும், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறியும் இந்நாட்டின் சட்டம் என்றார்கள். அதைவிடப் பெரிது ஒன்று சொன்னார்கள்: கெடுதல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் ஆலைக்காரர், கிணறு கெட்டவன் அல்ல! நாட்டில் எங்கே ஆலைக்கழிவு வழக்கு நடந்தாலும் வக்கீல்கள் எடுத்துக் காட்டுவது நம்ம ஊர்ப் பெயர் தாங்கிய அந்தத் தீர்ப்பைத்தான். பெருமைதான். அந்தப் பெருமையைக் குடத்தில் மொண்டு குடிக்க முடியுமா, தாய்மார்களே?

அந்தத் தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001-ல் கணக்குப் போட்டது: 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள், தலைக்குப் பத்தாயிரம்கூடத் தேறாது. அதுவும் 1998 வரைக்கும் ஆன சேதத்துக்கு மட்டும். அதற்கப்புறம் ஓடிய கழிவுக்கு யார் கணக்குப் போட்டார்கள்? கடைசியில் 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றமே மறுபடி வந்து, அரசைப் பார்த்து, பாக்கியைக் கொடு, ஆலைகளிடம் வசூல் செய், மண்ணும் நீரும் மீளும்வரை அவர்கள் பொறுப்புத் தீராது என்று சொல்ல வேண்டியதாயிற்று. 28 ஆண்டுகள்! வாங்க வேண்டியவர்களில் எத்தனை பேர் பட்டா மட்டும் பிள்ளைகள் கையில் இருக்கப் போய்ச் சேர்ந்தார்கள்!

ஆலையை அசைத்தால் தொழிலாளி வயிற்றில் அடிக்கிறீர்கள் என்கிறார்கள். 2015 ஜனவரி 31-ஆம் தேதி விடியுமுன், ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேரைக் கசடு மூழ்கடித்ததே, அவர்கள் யார்? தொழிலாளிகள் இல்லையா?

காட்டுக்கும் இதே கதை. அதே 1996, டிசம்பர் 12. கூடலூர்க் காடு வெட்டுப்படுவதைப் பொறுக்காமல் நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கில், பட்டா யார் பெயரில் இருந்தாலும் காடு காடுதான் என்றது நீதிமன்றம். 2023-ல் அந்த வரையறையைச் சட்டத் திருத்தம் கொண்டு சுருக்கினார்கள்.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமலே கட்டிவிட்டு, பிற்பாடு அனுமதி வாங்கிக்கொள்ளும் வழியை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அடைத்தது. நவம்பர் 18-ல், மூவரில் இருவர் பெரும்பான்மையாக, அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. ஆயிரக்கணக்கான கோடியில் எழுப்பிய கட்டடங்களை இடிக்க வேண்டி வரும் என்பது ஒரு காரணம். நீதிபதி உஜ்ஜல் புயான் ஒருவர் உடன்படவில்லை. நீதிமன்றத்தின் மேல் மரியாதை வைத்தே கேட்கிறேன்: கட்டியதை இடிப்பது இழப்பு என்றால், மூடிய கிணறு என்ன? எங்கள் கிணறுகளை மூடியபோது எந்தத் தராசு நிறுத்துப் பார்த்தது? முதலில் கட்டு, பிறகு கேள் என்பதற்கு முன்னெச்சரிக்கை என்று பெயர் வைக்கத் தமிழில் இடமில்லை. பின்னெச்சரிக்கை என்று ஒரு சொல் நம் பாஷையில் கிடையாது!

வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். வெறுங்கையோடு வராதீர்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாட்டில், உங்கள் கிணற்றுத் தண்ணீர். பாட்டிலின் மேல் சர்வே நம்பரை எழுதி ஒட்டிக்கொண்டு வாருங்கள். என் பாட்டி வீட்டுக் கல்பலகையை நகர்த்தி, முதல் பாட்டிலை நான் மொண்டு வருகிறேன்.