மலை ஏறும் ஜீப்பும் ரேடியேட்டர் மூடியும்



ராசிங்காபுரத்திலிருந்து ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற ஆட்களோடு ஒரு நாள் விடியற்காலையில் நானும் ஒரு பழைய ஜீப்பில் ஏறினேன். முந்தல் தாண்டி நாலைந்து வளைவு ஏறியதும் முன்பக்கம் ஆவி கிளம்பிவிட்டது. வண்டியை ஓரங்கட்டிய டிரைவர், துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். பின்னால் இருந்த ஒரு பெரியம்மா சத்தம் போட்டார்: "ஏப்பா, கொதிக்கிற குக்கரை யாராச்சும் திறப்பாங்களா?" டிரைவர் கையை எடுத்துக்கொண்டார். அந்த ஒரு சொல்தான் அன்று அவர் முகத்தைக் காப்பாற்றியது.

ஒரு மணி நேரம் ஆறவிட்டுத் திறந்து பார்த்தோம். மூடிக்கு அடியில் இருந்த ரப்பர் வாஷர் வெடித்துக் கிடந்தது. அதற்கு முன் இரண்டு தடவை ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியிருக்கிறார்கள். மூடியை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அன்று வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் கூலி போயிற்று.

இந்த மூடி வெறும் மூடி அல்ல. மலை மேலே போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். நம் வீட்டில் 100 டிகிரிக்கு அருகில் கொதிக்கிற தண்ணீர், 4,000 அடிக்கு மேலே இருக்கிற போடிமெட்டில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையில் பருப்பு வேக நேரம் பிடிப்பதும் இதனால்தான். பாரம் ஏற்றிய வண்டி முதல் கியரில் ஏறும்போது எஞ்சின் சூடோ அதிகம். மூடியில் இருக்கிற ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் பிடிக்கிற மூடி, கொதிநிலையைச் சுமார் 12 டிகிரி உயர்த்திவிடும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ அந்த லாபம் போய்விடும்.

சோதிப்பது எளிது. காலையில், எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது மூடியைக் கழற்றுங்கள். ரப்பர் வெடித்தோ, தடித்தோ, கல்லுப் போல இறுகியோ இருக்கிறதா பாருங்கள். ஸ்பிரிங்கை அழுத்தினால் விறைப்பாக எதிர்க்க வேண்டும். நடுவில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதை விரலால் இழுத்து விட்டால் டக்கென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். எஞ்சின் ஆறும்போது தண்ணீரை உள்ளே திரும்ப விடுகிற வால்வு அதுதான். அது அடைத்துக்கொண்டால், ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். மூடி உட்காருகிற வாய்ப்பகுதியில் துருவும் உப்பும் படிந்திருந்தால் துணியால் துடைத்துவிடுங்கள். வழிகிற குழாய் அடைக்காமல் இருக்கட்டும்.

பழுதான மூடியைச் சைக்கிள் டியூப் வெட்டிப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். புதிது வாங்கும்போது பழைய மூடியைக் கையோடு கொண்டு போங்கள். அதில் போட்டிருக்கிற எண்ணும், வாயின் அளவும், கழுத்தின் ஆழமும் ஒத்துப்போக வேண்டும். பழைய வண்டிகளில் 4 அல்லது 7 என்று இருக்கும். 0.9 என்றிருந்தால் அது கிலோக் கணக்கு, சுமார் 13 பவுண்டு. "கூடுதல் அழுத்தம், கூடுதல் நல்லது" என்று 7 இருந்த இடத்தில் 13 போட்டால் பழைய ரேடியேட்டரின் பற்றுவைப்பு விட்டுப்போகும், ஹோஸ் வெடிக்கும்.

போர் தண்ணீரில் உப்பு அதிகம். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரோடு கூலன்ட் கலந்து ஊற்றினால் துருவும் உப்பும் அண்டாது. நல்ல மூடி போட்டும் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் கோளாறு வேறு இடத்தில். ஃபேன் பெல்ட்டையும் கசிவையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வழியில் கொதித்துவிட்டால் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் காத்திருங்கள். மூடியைத் தொட்டால் கை சுடக் கூடாது. அதற்கப்புறமும் முகத்தைத் தள்ளி வைத்து, தடித்த துணி போட்டு அழுத்தி, முதல் தடை வரைக்கும் மட்டும் திருகுங்கள். சத்தம் அடங்கியபிறகு முழுதும் திறங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் எஞ்சின் தலையே விரிசல் விடும். யாருக்காவது ஆவி பட்டுவிட்டால் சுத்தமான குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றி, மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மையும் பற்பசையும் தடவாதீர்கள். டிராக்டருக்கும் இதே விதிதான்.

மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, மலை ஏறுகிற ஜீப்புக்கு இந்த மூடி அப்படி. நாளைக்குக் காலையில், வண்டியை எடுக்கும் முன்னால் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள்.