நெல் இருந்தது, காசு இல்லை



மக்கள் தொகை பெருகிவிட்டது, மண் பெருகவில்லை, ஆகவே பசி இருக்கத்தான் செய்யும் என்று கூறுவோர் இன்றும் உளர். இங்கிலாந்து நாட்டுப் பாதிரியார் மால்தஸ் 1798-இல் எழுதிய வாதம் அது. மெருகு மட்டும் புதிது! அவர் காலத்து உலகில் 100 கோடிப் பேர்கூட இல்லை. 2022-இல் 800 கோடி. கணக்கைப் பாருங்கள்: உலகில் ஓராண்டில் விளையும் தானியம் ஏறத்தாழ 280 கோடி டன். பங்கிட்டால், தொட்டிற் குழந்தை உட்படத் தலைக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவு. அதில் மூன்றிலொரு பங்கு கால்நடைத் தீவனமாகிறது. போகட்டும், ஆயினும் 2024-இல் பட்டினியால் வாடியோர் 67 கோடிக்கு மேல் என்கிறது ஐ.நா. அறிக்கை.

விளைந்தும் வயிறு காய்வானேன்? வங்கம் விடை கூறும்.

1943. போர்க்காலம். 1942 டிசம்பரில் மணங்கு 13, 14 ரூபாய்க்கு விற்ற அரிசி, மறு ஆகஸ்டில் 37 ரூபாய். கூலியோ அவ்வாறு ஏறவில்லை. ஜப்பானியர் கைக்குப் போகலாகாது என்று வெள்ளையர் ஆட்சி படகுகளைப் பறித்தது. மீனவன் பிழைப்பு போயிற்று. பசித்த ஊரில் முடி திருத்திக்கொள்பவன் யார்? அந்தத் தொழிலாளியும் வீழ்ந்தான். நிலமற்ற உழவன், நெல் விளைவித்தவன், நெல்லுக்கு ஏங்கினான். கல்கத்தாவுக்கு நடந்தனர், வீட்டு வாயில்களில் நின்று, சோறு கேட்கும் துணிவும் இழந்து, வடித்த கஞ்சியைக் கேட்டனர். அதே நகரில் ஆலைத் தொழிலாளருக்கும் அரசு ஊழியருக்கும் சலுகை விலையில் அரிசி கிடைத்தது. நிறைந்த கடைகளின் எதிரே பிணங்கள் கிடந்தன.

மாண்டோர் 15 லட்சம் என்றது 1945-இல் விசாரணைக் குழு. பின்வந்த ஆய்வாளர் 20 முதல் 30 லட்சம் என்பர்.

அரிசியே இல்லையோ என்பீர்கள். அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டுக் காட்டினார்: வங்கத்தில் 1943-இல் இருந்த அரிசி, 1941-இல் இருந்ததைவிட அதிகம். 1941-இலோ பஞ்சமில்லை! பஞ்சம் களத்தில் பிறக்கவில்லை, காய்ந்த மடியில் பிறந்தது.

இன்றைய உலகமும் அந்தக் கல்கத்தா வீதிதான், பரப்புதான் பெரிது. 2022-இல் வீடுகளிலும் விடுதிகளிலும் கடைகளிலும் வீணான உணவு 105 கோடி டன். 2024-இல் சத்துள்ள உணவை வாங்க வழியற்றோர் ஏறத்தாழ 260 கோடிப் பேர். தீவனத்துக்குப் பணம் தருபவன் இருக்கிறான். தானியம் அங்கே போகிறது. ஏழைத் தாய் தர இயலாதவள்; அவள் பசி சந்தையின் செவியில் விழுவதில்லை.

விளைச்சலைப் பெருக்க வேண்டாமா? வேண்டும், ஐயமில்லை. ஆனால் விளைச்சல் வீழ்ந்தும் மக்களைக் காத்த நாடும் நம் நாடே. 1970 தொடங்கி மூன்றாண்டுகள் மகாராட்டிரத்தை வறட்சி வாட்டிற்று, பயிர் கருகிற்று. அரசு வேலை தந்தது: சாலை போடுதல், குளம் வெட்டுதல், கல் உடைத்தல். 1973 மே மாதத்தில் அப்பணிகளில் நின்றோர் ஏறத்தாழ 50 லட்சம். கையில் கூலி விழுந்தது. தானியம் வெளியிலிருந்து தேடி வந்தது. வங்கம் கண்ட பெருஞ்சாவு அங்கு நேரவில்லை. வேலை கேட்போருக்கு அதை உரிமையாக்கும் சட்டத்தையும் 1977-இல் அம்மாநிலம் இயற்றியது.