குடத்தில் யார் பெயர்?



முடியாட்சி, சர்வாதிகாரம், குடியாட்சி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள், மார்க்கும் வந்துவிடும். அதில் எனக்குத் திருப்தியில்லை. ஆகவே ஒருநாள் வகுப்புக்கு மண்குடம் ஒன்றைக் கொண்டுபோனேன். அப்பா பெயரையோ அம்மா பெயரையோ சீட்டில் எழுதி அதில் போடச் சொன்னேன்.

காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921-ஆம் ஆண்டினது, இருக்கிறது. 30 குடும்புகளாக ஊரைப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரமறியாத சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகாது. அவன் உறவினர் பெயரும் போகாது! பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பிறகுதான் மற்ற நிபந்தனைகளைச் சொன்னேன். அது அந்தணர் சபை. வயது 35 முதல் 70, கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. பொருந்தாத சீட்டுகளை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"டீச்சர், எங்கப்பா மில்லுக்குப் போறாருங்க. நிலமில்லீங்க. எடுத்துறட்டுங்களா?" என்றான் ஒரு பையன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கடைசியில் குடமே காலி.

1951-52 பொதுத் தேர்தலில் நிலமிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆணோ பெண்ணோ, 21 வயது நிறைந்தவர்க்கெல்லாம் ஓட்டு வந்தது. 1989-இல் அது 18 வயதாயிற்று. இதைச் சொல்லிச் சீட்டுகளைத் திரும்பப் போடச் சொன்னேன். அந்தப் பையன்தான் முதலில் ஓடி வந்தான்.

பெற்றோர்களே, வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டுங்கள்.