பழையனூரார் கொடுத்த பிணை



திருவாலங்காட்டில் நின்று குற்றத்தைப் பற்றிப் பேசும்போது நீலிப் பேயின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பக்கத்துப் பழையனூருக்கு ஒரு வணிகன் அலறிக்கொண்டு ஓடி வந்தான். பின்னாலேயே அவள் அவன் மனைவி போல வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. கள்ளிக் கொம்பைத்தான் குழந்தையாக்கி வைத்திருந்தாள் என்கிறது கதை. அந்தக் குழந்தை அவனை அப்பா என்று அழைத்தது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று ஊரின் எழுபது வேளாளர்களும் அவளை நம்பினார்கள். அவன் கையில் இருந்த ஆயுதத்தையும் வாங்கிக்கொண்டு, "உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிர் பிணை" என்றார்கள். விடிந்தபோது அவன் உயிரோடு இல்லை. எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் பெறும் உங்களிடம் இந்தக் கதையை ஏன் சொல்கிறேன்? கண்ணுக்குத் தெரிந்ததைக் கொண்டு தீர்ப்பு எழுதும் வேலை இப்போது உங்கள் கைக்கு வருகிறது. 2022 ஜூலையில் தெருக்களின் படங்களைக் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ சென்னை உட்பட 10 இந்திய நகரங்களில் தொடங்கியது. இப்படிப்பட்ட தெருப் படங்களை இயந்திரக் கற்றலுக்குக் கொடுத்து, எங்கே குற்றம் நடக்கும் என்று கணிக்கும் ஆய்வுகள் உலகெங்கும் பெருகிவிட்டன.

தெருப் படங்களைக் கொண்ட ஆய்வுகளில் பெயர்பெற்றது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யின் 'பிளேஸ் பல்ஸ்'. 56 நகரங்களின் சுமார் 1,10,000 படங்களை இரண்டிரண்டாகக் காட்டி, எது பாதுகாப்பான இடமாகத் தோன்றுகிறது என்பது போன்ற கேள்விகளை இணையத்தில் கேட்டார்கள். 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் குவிந்தன. அவற்றிலிருந்துதான் இயந்திரம் கற்றது. நன்றாகக் கவனியுங்கள்: அது கற்றது பார்த்தவர்களின் பயத்தை. அந்தத் தெருக்களில் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? 1995இல் சிகாகோவில் வண்டியில் கேமராவை வைத்து 23,000க்கும் மேற்பட்ட தெருப் பகுதிகளைப் படமெடுத்தார்கள். சாம்ப்சன், ராடன்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 2004இல் எழுதிய கட்டுரை அந்தப் பதிவுகளை மக்களின் வாய்மொழியோடு ஒப்பிட்டது. குப்பையும் இடிந்த சுவரும் ஒரே அளவு இருந்தாலும், கறுப்பர்களும் ஏழைகளும் அதிகம் வாழும் இடமே மக்களுக்கு மோசமாகத் தெரிந்தது.

நமக்கு இது புதிதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பிறப்பை மட்டும் பார்த்து மக்களைக் காவல் நிலையத்தில் கைநாட்டு வைக்க வரிசையில் நிறுத்தியது. 1947இல்தான் இங்கே ஒழிந்தது. நம் மாவட்டத்துச் செங்கல் சூளை ஓரத்தில் இருளர் குடிசைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தைக் கண்டவுடன் சிவப்புப் புள்ளி வைக்கும் மாடல் ஒன்றை நீங்கள் செய்தால், ஒழிந்த சட்டத்தைத் திரும்ப எழுதியவர்கள் ஆவீர்கள். எஃப்.ஐ.ஆர். கணக்கை ஊட்டினாலும் இதே கதிதான். போலீஸ் அடிக்கடி போகும் தெருவில் வழக்கும் அதிகமாகத்தானே இருக்கும்?

அதற்காக இந்தக் கருவியையே தூக்கி எறியச் சொல்லவில்லை. கல்பனா விஸ்வநாத்தும் ஆசிஷ் பாசுவும் 2013இல் தொடங்கிய 'சேஃப்டிபின்' நிறுவனம் டெல்லியில் இரவு நேரத்தில் காரில் போனைப் பொருத்திப் படமெடுத்தது. விளக்கு எரிகிறதா, நடைபாதை இருக்கிறதா, கடையிலோ ஜன்னலிலோ இருந்து யாராவது பார்க்க முடியுமா, பெண்கள் நடமாடுகிறார்களா என்று ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பெண் போட்டது. இருண்ட இடங்களின் பட்டியல் அரசுக்குப் போனது, விளக்குகள் வந்தன. குடியிருப்பவர் யார் என்ற கேள்வியே அதில் எழவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் அக்கா, தங்கைகள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். இறங்கிய இடத்திலிருந்து வீடு வரை எந்தத் திருப்பத்தில் நடையை வேகப்படுத்துவார்கள் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேமராவுக்கும் தெரியாத வரைபடம் அவர்களிடம் இருக்கிறது.

பழையனூரார் ஏமாந்தார்கள், ஆனால் சொன்ன சொல்லுக்குத் தாங்களே பிணை நின்றார்கள். உங்கள் மாடல் தவறினால் அது தீயில் இறங்காது. அது குறி வைத்த தெருவில் எவனோ ஒரு பையன்தான் இரவோடு இரவாக ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகப்படுவான். ஆகவே பிள்ளைகளே, எந்தத் தெருவையாவது உங்கள் மாடல் சிவப்பாகக் காட்டினால், அந்தத் தெருவுக்கு நடந்தே போங்கள். அங்கே குடியிருப்பவர்களிடம் பேசுங்கள். அதற்குப் பிறகே அறிக்கையில் கையெழுத்துப் போடுங்கள்.