மூணு மாத்திரையும் ஒரே வாயில்

சேமிப்பு, கடன் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் மாத்திரையைப் பற்றிப் பேசுகிறேன்.

எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தைராய்டு குறைவு. ரெண்டாவது பிள்ளை உண்டானதும், “வயித்துப் பிள்ளைக்கு ஆகாது, அந்த மாத்திரையை நிறுத்து” என்றார் மாமியார். நல்லவேளை, நிறுத்தவில்லை. முதல் மூன்று மாதம் பிள்ளையின் மூளை வளர்வதற்குத் தாயின் தைராய்டு சுரப்புதான் ஆதாரம். கர்ப்பத்தில் மருந்தின் அளவைக் கூட்டவும் வேண்டியிருக்கும். அதனால் நாள் தள்ளியதுமே ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

நான் தப்பு செய்தது நாலாம் மாதத்தில். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் கொடுத்தார்கள். வேலைக்கு ஓடுற அவசரத்தில், மறந்துடுமே என்று காலையிலேயே மூன்றையும் ஒன்றாக விழுங்கினேன். பரிசோதனையில் டி.எஸ்.எச். ஏறியிருந்தது. “மாத்திரை போடுறியா, இல்லையா?” என்று டாக்டரம்மா கேட்டதும் அழுகையே வந்துவிட்டது. ஒருநாள்கூடத் தவறவில்லையே! எப்படிப் போடுகிறேன் என்று விசாரித்தது நர்ஸம்மாதான். இரும்பும் கால்சியமும் தைராய்டு மருந்தை உடம்பில் சேர விடாதாம்.

அன்றிலிருந்து, எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பியே. மற்ற ரெண்டுக்கும் குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி. கால்சியம் மதியமும் ராத்திரியும் சாப்பாட்டோடு, இரும்பு ரெண்டு மணி நேரம் தள்ளிப் படுக்கும்போது. அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது.

கடையில் விற்கிற கடற்பாசி மாத்திரை, சத்துப் பவுடர் எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் தொடாதீர்கள். அயோடின் கூடினாலும் தைராய்டைக் கெடுக்கும்.

எங்கள் குழுவில் இப்போது ரெண்டு பேர் மாசமாக இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மாத்திரை அட்டைகளையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.