தலைக்கு மேலே தகரம்

(காட்டுப்பள்ளியில் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

இன்று நான் கூலியைப் பற்றிப் பேசப் போவதில்லை. கூரையையும் சுவரையும் பற்றிப் பேசப் போகிறேன். இது கொத்தனார் விவகாரம் என்று நினைக்காதீர்கள். பகலெல்லாம் தகரக் கொட்டகையில் வேலை. இரவில் படுப்பதும் தகரக் கொட்டகையில். ஆகவே இது நம் உடம்பைப் பற்றிய விவகாரம்.

தகரம் ஏன் கொதிக்கிறது? அது மெல்லியது. வாங்கிய வெயிலை உடனே நம் தலைமேல் கக்குகிறது. சென்னைக் கொத்தனார் மச்சின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதித்தார். அந்தக் கனம் வெயிலைத் தாமதப்படுத்தியது. பஞ்சாலைகளில் ரம்பப்பல் கூரை வைத்துக் கண்ணாடியை வடக்கே திருப்பினார்கள். வெளிச்சம் வந்தது, வெயில் வரவில்லை. ஆக, வழி தெரியாமல் இல்லை. தகரத்துக்கு மேலே வெள்ளைப் பூச்சு, கீழே இடைவெளி விட்டு இன்னொரு தட்டு, உச்சியில் சூடான காற்று வெளியேற வழி. இவ்வளவுதான்! 2023-ல் தெலங்கானா சர்க்கார் குளிர்கூரைக்கென்றே கொள்கை வகுத்தது. வயல்வேலைத் தோழர்களின் காங்கிரீட் வீட்டுக்கும் மேலே வெள்ளையடித்தால் சூடு தணியும்.

சட்டம் என்ன சொன்னது? 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13-வது பிரிவு, வெப்பம் கூடியமட்டும் குறைவாயிருக்கும்படி சுவரும் கூரையும் அமையவேண்டும் என்றது. 2025 நவம்பர் 21-ல் அதன் இடத்துக்குப் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. காற்றோட்டம், வெப்பம் என்ற சொற்கள் அதிலும் உண்டு. விவரமோ விதிகளுக்கு விடப்பட்டிருக்கிறது. அந்த விதிகளில் சுவரும் கூரையும் மறைந்து போகாமல் காப்பது யார் வேலை? நம் வேலை!

அடுத்தது புயல். 2016 டிசம்பர் 12-ல் வர்தா அடித்தது நினைவிருக்கும். காற்று கூரையைக் கீழே அழுத்துகிறது என்று நினைக்கிறோம். இல்லை, மேலே உறிஞ்சி இழுக்கிறது. ஓரத்திலும் மூலையிலும் இழுப்பு அதிகம். கதவு பெயர்ந்தாலோ, உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். சென்னையில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகக் காற்றைக் கணக்கில் வைத்துக் கட்டச் சொல்கிறது இந்தியத் தர விதி. ஆனால் இந்தக் கடற்கரையின் உப்புக் காற்று போல்ட்டைத் தின்கிறது. தகரம் மின்னும், பிடிப்பு போயிருக்கும்!

மூன்றாவது நெருப்பு. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் மாண்டன. 2017-ல் லண்டன் கிரென்ஃபெல் மாடிக் கட்டடத்தில் 72 பேர் மாண்டனர். அங்கே சுவரில் போர்த்தியிருந்தது, நடுவே பிளாஸ்டிக் வைத்த அலுமினியப் பலகை. சூட்டைத் தடுக்கிறோம் என்று எதையாவது கொண்டுவந்து ஒட்டினால், "இது தீயைத் தாங்குமா?" என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாக, கண்ணாடிச் சுவர் ஆபீஸ்கள். வெயிலை உள்ளே அழைத்துவிட்டு, ஏ.சி. வைத்துத் துரத்துகிறார்கள். அந்த மின்சாரத்துக்கு நிலக்கரி எரிகிறது. சாம்பல் எங்கே போகிறது? கொசஸ்தலை ஆற்றைக் கேளுங்கள். எண்ணூர் மீனவரைக் கேளுங்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. வேலைக் கொட்டகைக்கும் தங்குமிடத்துக்கும் வெள்ளைப் பூச்சும் இரட்டைக் கூரையும்.
2. மழைக்காலத்துக்கு முன் போல்ட், வாஷர் சோதனை. ஓரங்களில் நெருக்கமாகப் போல்ட்.
3. தீப்பற்றாத பொருள், வெளியே ஓட இரண்டு வழி.

நாளைக் காலை ஷிப்டுக்குப் போகும்போது ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கண்டதைச் சங்கத்தில் எழுதிக் கொடுங்கள். கோரிக்கை அங்கிருந்துதான் பிறக்கும், தோழர்களே!